சேலை கட்டிய பையனும் நீள முடி நண்பனும்

சென்னை ராஜா அண்ணாமலைபுரத்தில், துர்க்காபாய் தேஷ்முக் சாலையில், ஒரு மகளிர் கல்லூரி இருக்கிறது. எம்.ஜி.ஆர்., ஜானகி அம்மாள் இருவர் பெயரையும் தாங்கிய கல்லூரி. முன்பு அந்த இடத்தில் சத்யா ஸ்டூடியோ இருந்தது. இன்று மாணவிகள் புத்தகத்தோடு நடக்கும் இடத்தில், அன்று கதாநாயகர்கள் காமிரா முன்னால் சண்டை போட்டார்கள். காதலியைத் தேடிப் பாடினார்கள். நண்பனுக்காக உயிரையும் கொடுப்பேன் என்று வசனம் பேசினார்கள்.

தமிழ் சினிமாவில் காதலுக்கு அடுத்தபடி அதிகம் பேசப்பட்டது நட்புதான். 1964-ஆம் ஆண்டு வந்த “கர்ணன்” படத்தில், துரியோதனனுக்காகக் கர்ணன் உயிரை விட்டான். 1991-ஆம் ஆண்டு “தளபதி” படத்தில் அதே கதை புதுச் சட்டை போட்டுக்கொண்டு வந்தது. ரஜினிகாந்தும் மம்முட்டியும் தோளோடு தோள் நின்றார்கள். 2009-ஆம் ஆண்டு “நாடோடிகள்” வந்தது. நண்பனின் காதலைச் சேர்த்துவைக்கப் போய், ஒருவன் காலை இழந்தான். ஒருவன் காது கேட்கும் சக்தியை இழந்தான்.

இது சினிமாக்காரர்கள் கண்டுபிடித்த சங்கதி அல்ல. நட்பைப் பற்றிச் சொல்ல வந்த வள்ளுவர், ஒரு அதிகாரத்தோடு நிறுத்தவில்லை. “நட்பு” என்று தொடங்கி “கூடா நட்பு” வரை ஐந்து அதிகாரம். ஐம்பது குறள்! சங்க காலத்தில் கோப்பெருஞ்சோழன் என்று ஒரு மன்னன். பாண்டிய நாட்டில் பிசிராந்தையார் என்று ஒரு புலவர். இருவரும் நேரில் பார்த்துக்கொண்டதே இல்லை. சோழன் வடக்கிருந்து உயிர் விடத் துணிந்தபோது, பக்கத்தில் புலவருக்கு ஓர் இடம் ஒதுக்கி வைக்கச் சொன்னான். “அவர் வருவாரா?” என்று மற்றவர்கள் சந்தேகப்பட்டார்கள். அவர் வந்தார்!

இப்படி நட்பைத் தலைமேல் வைத்துக் கொண்டாடும் தமிழில், ஒரு பையனுக்கு மட்டும் கதையில் இடம் கிடைக்கவில்லை. யார் அந்தப் பையன்?

நாலாவது பையன்

1979-ஆம் ஆண்டு “அழியாத கோலங்கள்” என்ற படம் வந்தது. டைரக்டர் பாலு மகேந்திரா, இலங்கை மட்டக்களப்புப் பக்கத்தில் பிறந்தவர். கிராமத்தில் மூன்று பையன்கள். மீசை அரும்பும் வயது. ஊருக்குப் புதிதாக ஒரு டீச்சர் வருகிறார். டீச்சராக நடித்தவர் ஷோபா. மூன்று பையன்களும் சேர்ந்து திரிகிறார்கள். டீச்சரைப் பார்த்து மூவருக்கும் மனசு தடுமாறுகிறது. பையன்கள் ஆண்பிள்ளைகளாக மாறும் பருவத்தை இவ்வளவு உண்மையாகக் காட்டிய தமிழ்ப் படங்கள் குறைவு.

அந்தக் கூட்டத்தில் நாலாவதாக ஒரு பையன் இருந்தான் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவனும் கூடவே ஓடுகிறான், ஆற்றில் குதிக்கிறான். ஆனால் டீச்சரைப் பார்த்து அவன் மனசு தடுமாறவில்லை. பக்கத்தில் நிற்கும் நண்பனைப் பார்த்துத்தான் தடுமாறுகிறது. ஏன் என்று அவனுக்கே புரியவில்லை. யாரிடம் கேட்பது என்றும் தெரியவில்லை.

ஆணுக்கு ஆண் மீதும் பெண்ணுக்குப் பெண் மீதும் காதல் ஏற்படுவதற்கு “தன்பாலீர்ப்பு” என்று இன்று தமிழில் பெயர் இருக்கிறது. இது நோய் அல்ல என்று உலக சுகாதார நிறுவனம் 1990-ஆம் ஆண்டிலேயே சொல்லிவிட்டது. அந்தப் பையன் வெளிநாட்டில் மட்டும் பிறப்பவன் அல்ல. மந்தைவெளியிலும் பிறக்கிறான், மணப்பாறையிலும் பிறக்கிறான். மற்றப் பையன்களைப் போலவே வளர்கிறான். மற்றப் பையன்களைப் போலவே சினிமாவும் பார்க்கிறான்.

சினிமாவில் அவன் என்ன பார்த்தான்?

எத்தனையோ படங்களில் ஒரு காட்சி வரும. நகைச்சுவைப் பாத்திரம் ஒன்று இடுப்பை ஒடித்து நடந்து வரும். கதாநாயகனைப் பார்த்துக் கண் சிமிட்டும். கதாநாயகன் பதறிப்போய் விலகுவான். தியேட்டரே சிரிக்கும். அந்தப் பையனும் சிரிப்பான். சிரிக்காவிட்டால் பக்கத்துச் சீட்டு நண்பன் திரும்பிப் பார்ப்பானே!

சிரிப்பு இல்லையென்றால் ரத்தம். 2006-ஆம் ஆண்டு “வேட்டையாடு விளையாடு” வந்தது. கமல்ஹாசன் துப்புத் துலக்கும் போலீஸ் அதிகாரி. கொலைகாரர்கள் இரண்டு டாக்டர்கள். அவர்கள் இருவருக்கும் இடையே உள்ள உறவைப் பற்றிய பேச்சு, அவர்கள் செய்யும் கொடூரத்தோடு ஒட்டியே வருகிறது. விறுவிறுப்பான படம்தான். ஆனால் ஊர்க்கோடியில் உட்கார்ந்து அதைப் பார்த்த பையனுக்குக் கிடைத்த சேதி என்ன? “நீ சிரிப்பதற்கு, இல்லையென்றால் சுட்டுக் கொல்வதற்கு.”

கொழும்பில் ஒரு ஞாயிற்றுக்கிழமை

அந்தப் பையனின் கதையை முழுசாகச் சொன்னவர் ஒரு தமிழர். ஆனால் அவர் சொன்னது ஆங்கிலத்தில்!

அவர் பெயர் ஷியாம் செல்வதுரை. 1965-ஆம் ஆண்டு கொழும்பில் பிறந்தார். அப்பா தமிழர், அம்மா சிங்களவர். 1983-ஆம் ஆண்டு ஜூலையில் இலங்கையில் தமிழர்களை வெட்டியும் எரித்தும் நடந்த கலவரத்துக்குப் பிறகு, குடும்பம் கனடாவில் குடியேறியது. 1994-ஆம் ஆண்டு அவர் எழுதிய “ஃபன்னி பாய்” வெளியானது. விசித்திரமான பையன் என்று அர்த்தம். ஆறு கதைகள் சங்கிலிபோல் சேர்ந்து ஒரு நாவல்.

கதாநாயகன் அர்ஜி. கதை தொடங்கும்போது சின்னப் பையன். ஞாயிற்றுக்கிழமை என்றால் பேரப்பிள்ளைகள் எல்லோரும் தாத்தா பாட்டி வீட்டில் கூடுவார்கள். ஆண் பிள்ளைகள் முன்பக்கம் கிரிக்கெட் ஆடுவார்கள். பெண் பிள்ளைகள் பின்பக்கம் கல்யாண விளையாட்டு விளையாடுவார்கள். அர்ஜி எந்தப் பக்கம்? பின்பக்கம்! அதுவும் மணப்பெண் அவன்தான். வெள்ளைச் சேலை, பூ, முக்காடு என்று ஜோடிக்கச் சொல்லி நிற்பான்.

ஒரு நாள் வெளிநாட்டிலிருந்து வந்த அத்தை மகள் ஒருத்திக்கு இது பொறுக்கவில்லை. சேலையோடு அவனைப் பெரியவர்கள் நடுவே கொண்டுபோய் நிறுத்துகிறார்கள். பெரியவர்கள் பேச்சு நின்றுபோகிறது. மாமா ஒருவர் கிண்டல் செய்கிறார். அப்பா முகம் சுண்டிவிடுகிறது. அன்றோடு விளையாட்டு முடிந்தது. அம்மா சேலை கட்டும்போது அறையில் உட்கார்ந்து பார்ப்பது அவனுக்குப் பிடிக்கும். அதற்கும் கதவு சாத்தப்பட்டது. “ஏன்?” என்று கேட்கிறான். அம்மாவிடம் பதில் இல்லை. அவளுக்கும் அழுகை வருகிறது.

இங்கே ஒன்று சொல்லியாக வேண்டும். சேலைக்கு ஆசைப்படும் பையன்கள் எல்லாம் பின்னால் ஆண்களைக் காதலிப்பவர்கள் ஆகிவிடுவதில்லை. ஆண்களைக் காதலிப்பவர்கள் எல்லாம் சின்ன வயதில் சேலைக்கு ஆசைப்பட்டவர்களும் இல்லை. அர்ஜியின் கதையில் அப்படி நடந்தது, அவ்வளவுதான்.

அப்பாவின் கவலை வளர்கிறது. பையன் “ஆம்பிளை” ஆக வேண்டும் என்று கண்டிப்பான ஒரு பள்ளிக்கூடத்துக்கு மாற்றுகிறார். விக்டோரியா அகாடமி. பிரம்புக்குப் பேர்போன பிரின்சிபால். ஆனால் அப்பாவின் கணக்கு தப்பிவிட்டது! அந்தப் பள்ளிக்கூடத்தில்தான் அர்ஜி ஷெஹானைச் சந்திக்கிறான்.

ஷெஹான் சிங்களப் பையன். நீள முடி வளர்த்தவன். பிரின்சிபால் அவனைப் பிடித்து முடியை வெட்டிவிடுகிறார். அடியும் விழுகிறது. அர்ஜிக்கு மனசு கொதிக்கிறது. முதலில் நட்பு. பிறகு அது நட்புக்கும் மேலே என்று இருவருக்கும் புரிகிறது. அர்ஜி முதலில் பயப்படுகிறான், வெட்கப்படுகிறான், ஷெஹானை வெறுக்கக்கூடப் பார்க்கிறான். கடைசியில் தெளிகிறான்.

பரிசளிப்பு விழா வருகிறது. மந்திரி வருகிறார். பள்ளிக்கூடத்தைப் புகழும் ஆங்கிலப் பாட்டை அர்ஜி மனப்பாடமாக ஒப்பிக்க வேண்டும். மந்திரி மனம் குளிர்ந்தால்தான் பிரின்சிபாலின் நாற்காலி நிற்கும். அர்ஜி மேடையேறினான். வேண்டுமென்றே பாட்டைத் தாறுமாறாக்கிச் சொன்னான். நண்பனை அடித்தவருக்கு ஒரு பதினாலு, பதினைந்து வயதுப் பையனால் கொடுக்க முடிந்த அடி அதுதான். தமிழ் சினிமாவில் நண்பனுக்காகக் கத்தி எடுத்தவர்கள் பலர். பாட்டை மறந்ததுபோல் நடித்தவன் இவன் ஒருவன்தான்!

பிறகு 1983 ஜூலை. வீடு எரிகிறது. தாத்தாவும் பாட்டியும் காரோடு கொளுத்தப்படுகிறார்கள். குடும்பம் கப்பலோ விமானமோ எது கிடைத்தாலும் போதும் என்று கனடாவுக்குக் கிளம்புகிறது. ஷெஹான் சிங்களவன்; அவனுக்கு ஆபத்து இல்லை. அர்ஜி தமிழன், அவனுக்கு ஊரே இல்லை. இரண்டு பையன்களும் பிரிகிறார்கள். வீட்டில் எதையும் சொல்லாமலே அர்ஜி ஊரை விட்டுப் போகிறான்.

இந்த நாவலைக் கலவரக் கதை என்பவர்கள் உண்டு. காதல் கதை என்பவர்களும் உண்டு. இரண்டையும் பிரித்துப் பார்த்தால் நாவல் செத்துவிடும். “நீ எங்களில் ஒருவன் அல்ல” என்று முதலில் வீடு சொல்கிறது. பிறகு நாடு சொல்கிறது. அர்ஜி இரண்டையும் ஒரே உடம்பில் தாங்குகிறான்.

படமாக வந்தபோது...

2020-ஆம் ஆண்டு தீபா மேத்தா இதைப் படமாக எடுத்தார். 1996-ஆம் ஆண்டு “ஃபயர்” எடுத்தவர் இவர்தான். இரண்டு மருமகள்களுக்கு இடையே மலர்ந்த காதலைச் சொன்ன அந்தப் படத்துக்காக, 1998-ஆம் ஆண்டு பம்பாயிலும் டெல்லியிலும் தியேட்டர்கள் அடித்து நொறுக்கப்பட்டன.

“ஃபன்னி பாய்” படத்துக்கு வேறு விதமான எதிர்ப்பு. கனடாத் தமிழர்கள் கேட்டார்கள்: “எங்கள் கதையில் முக்கிய வேடங்களுக்குத் தமிழர்கள் கிடைக்கவில்லையா? பேசும் தமிழ் இப்படியா இருக்கும்?” நியாயமான கேள்வி. தமிழ் பேசியதற்காக உயிர்கள் போன கதையில், தமிழ் சரியாக ஒலிக்க வேண்டாமா?

இன்னொரு வேடிக்கை. அந்தப் படத்தைக் கனடா நாடு ஆஸ்கார் பரிசின் சர்வதேசப் படப் பிரிவுக்கு அனுப்பியது. படத்தில் பாதிக்கு மேல் ஆங்கில வசனம் என்று சொல்லி ஆஸ்கார் குழு தள்ளிவிட்டது. நாவலில் அர்ஜிக்குத் தமிழ் படிக்கத் தெரியாது. சிங்களம் படித்தால்தான் பிழைக்கலாம் என்று அப்பா அவனைச் சிங்கள வகுப்பில் சேர்த்துவிட்டார். தமிழ்ப் பையனின் கதை தமிழைத் தவிர மற்ற மொழிகளில் அலைந்துகொண்டே இருக்கிறது.

தமிழில் யாருமே எழுதவில்லையா?

எழுதினார் ஒருவர். கரிச்சான் குஞ்சு. சொந்தப் பெயர் நாராயணசாமி. எழுத்தாளர் கு.ப.ராஜகோபாலனுக்கு “கரிச்சான்” என்று ஒரு புனைபெயர் உண்டு. அவர் மேல் வைத்த மதிப்பினால் இவர் “கரிச்சான் குஞ்சு” ஆனார். நட்பிலேயே பெயர் எடுத்தவர் என்று சொல்லலாம்!

1978-ஆம் ஆண்டு அவருடைய “பசித்த மானிடம்” நாவல் வந்தது. கணேசன், கிட்டா என்று இரண்டு பேர். கணேசன் அழகான பையன். ஏழை. அவனைப் பணம் படைத்தவர்கள் தங்கள் ஆசைக்குப் பயன்படுத்திக்கொள்கிறார்கள். பின்னாளில் தொழுநோய் வருகிறது. ஊர் ஒதுக்குகிறது. ஆணுக்கு ஆண் மேல் உண்டாகும் இச்சையை மறைக்காமல் எழுதிய துணிச்சல் அந்த நாவலுக்கு உண்டு. ஆனால் அதில் இருப்பது பெரும்பாலும் சுரண்டல். பணக்காரன் ஏழைப் பையனை வளைப்பது காதல் அல்ல, கொடுமை. இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்புகிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள். சம வயதுப் பையன்கள் இருவர் ஒருவர் மேல் ஒருவர் பிரியம் வைத்தால் என்ன ஆகும் என்ற கேள்வி கரிச்சான் குஞ்சுவின் கேள்வி அல்ல.

இந்த விஷயத்தில் வெள்ளைக்காரர்களும் ரொம்ப நாள் வாயைத் திறக்கவில்லை. இ.எம்.ஃபார்ஸ்டர் என்ற பெரிய ஆங்கில எழுத்தாளர், “மாரிஸ்” என்ற நாவலை 1913, 1914-ஆம் ஆண்டுகளில் எழுதினார். இரண்டு ஆண்கள் காதலித்து, கடைசியில் சேர்ந்து வாழ்கிறார்கள். எழுதியதைப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டினார்! அவர் 1970-இல் இறந்தார். நாவல் 1971-இல்தான் அச்சில் வந்தது. அவர் மனசைக் கவர்ந்தவர் ஓர் இந்தியர்: அலிகார் கல்லூரியை நிறுவிய சர் சையது அகமது கானின் பேரன், சையது ராஸ் மசூத். ஃபார்ஸ்டர் தம் காதலைச் சொன்னார். மசூதுக்கு அந்தவிதமான எண்ணம் இல்லை. அதற்காகச் சண்டையா போட்டார்? ஊரைக் கூட்டினாரா? இல்லை. 1937-ஆம் ஆண்டு மசூத் இறக்கும்வரை இருவரும் நண்பர்கள். 1924-ஆம் ஆண்டு வந்த “எ பாசேஜ் டு இந்தியா” நாவலை மசூதுக்குத்தான் ஃபார்ஸ்டர் காணிக்கை ஆக்கினார்.

டாக்டரிடம் கூட்டிப் போகலாமா?

கதை இருக்கட்டும். பையன் ஒரு நாள் அம்மாவிடம் சொல்லிவிட்டால், வீட்டில் நடப்பது என்ன? கோயிலுக்கு நேர்ந்துகொள்கிறார்கள். மந்திரிக்கிறார்கள். அவசரமாகப் பெண் பார்க்கிறார்கள். அந்தப் பெண்ணின் வாழ்க்கையும் சேர்ந்து பாழாகிறது. “மாற்றிக் காட்டுகிறேன்” என்று சொல்லும் டாக்டரைத் தேடுகிறார்கள்.

மாற்ற முடியாது. அப்படி மாற்றுவதாகச் சொல்லும் சிகிச்சையைத் தொழில் ஒழுங்கீனம் என்று தேசிய மருத்துவ ஆணையம் 2022-ஆம் ஆண்டு அறிவித்துவிட்டது. அதற்கு வழி திறந்தது சென்னை உயர்நீதிமன்றம்.

2021-ஆம் ஆண்டு, ஒருவரை ஒருவர் விரும்பிய இரண்டு இளம் பெண்கள் மதுரையிலிருந்து சென்னைக்கு வந்தார்கள். பெற்றோர் போலீசில் புகார் கொடுத்தார்கள். பெண்கள் கோர்ட்டுக்குப் போனார்கள். வழக்கு நீதிபதி என்.ஆனந்த் வெங்கடேஷ் முன் வந்தது. தமக்கு இந்த விஷயம் சரியாகத் தெரியாது என்று அவர் ஒளிக்காமல் சொன்னார். மனநல நிபுணர் ஒருவரிடம் மாணவரைப்போல் உட்கார்ந்து கேட்டுத் தெரிந்துகொண்டார். அதன் பிறகுதான் 2021 ஜூன் 7-ந் தேதி உத்தரவு எழுதினார். போலீசார், ஆசிரியர்கள் மட்டுமல்ல, நீதிபதிகளுக்கும் இது பற்றி விளக்கம் தேவை என்றார். நீதிபதிகளுக்குப் பயிற்சி கொடுக்கும் மாநில அகாடமி, இதே ராஜா அண்ணாமலைபுரத்தில், கிரீன்வேஸ் சாலையில் இருக்கிறது. பள்ளிக்கூடங்களில் பெற்றோர்-ஆசிரியர் கழகக் கூட்டங்களில் பேச வேண்டும் என்றும் உத்தரவில் இருக்கிறது. எந்தக் கூட்டத்தில் பேசினார்கள் என்று பெற்றோர்களே கேட்கலாம்.

ஆணும் ஆணும் மனமொத்துச் சேர்ந்து வாழ்வது குற்றம் அல்ல என்று சுப்ரீம் கோர்ட்டு 2018 செப்டம்பர் 6-ந் தேதி சொல்லிவிட்டது. கல்யாண உரிமை தர 2023 அக்டோபர் 17-ந் தேதி மறுத்துவிட்டது. மரியாதையாக அழைக்கத் தமிழ்ச் சொற்கள் எவை என்று தமிழ்நாடு அரசு 2022-ஆம் ஆண்டு அரசிதழில் பட்டியல் போட்டது. கெட்ட வார்த்தை இல்லாமல் பேச இப்போது தமிழில் சொல் இருக்கிறது. வசனகர்த்தாக்கள் அந்தப் பட்டியலைப் புரட்டிப் பார்த்தால் நல்லது.

அம்மாக்கள் வந்துவிட்டார்கள்

சினிமா மெதுவாகத் திரும்புகிறது. 2010-ஆம் ஆண்டு வெங்கட் பிரபுவின் “கோவா” படத்தில் இரண்டு ஆண்கள் ஜோடியாக வந்தார்கள். சிரிக்க வைக்கும் படம்தான். ஆனாலும் அவர்களை வில்லன்களாக்கவில்லை. 2017-ஆம் ஆண்டு லோகேஷ் குமார் “என் மகன் மகிழ்வன்” எடுத்தார். மகன் உண்மையைச் சொன்னதும் ஓர் அம்மா படும் பாடுதான் கதை. அம்மாவாக நடித்தவர் அனுபமா குமார். 2025 பிப்ரவரி 14-ந் தேதி, காதலர் தினத்தில், “காதல் என்பது பொதுவுடமை” தியேட்டருக்கு வந்தது. டைரக்டர் ஜெயப்பிரகாஷ் ராதாகிருஷ்ணன். மகள் தன் காதலை அறிமுகப்படுத்த வீட்டுக்கு அழைத்து வருகிறாள். வந்தது ஒரு பெண்! ஊருக்கெல்லாம் முற்போக்குப் பேசும் அம்மா ஆடிப்போகிறார். அம்மா ரோகிணி, மகள் லிஜோமோள் ஜோஸ்.

இரண்டும் வளர்ந்த பிள்ளைகளின் கதைகள். இரண்டிலும் அம்மாதான் அதிகம் அழுகிறார். மீசை அரும்பும் வயதுப் பையனின் கதை இன்னும் பாக்கி இருக்கிறது. அப்பாவின் கதையும் பாக்கி இருக்கிறது.

“ஃபன்னி பாய்” நாவலில் அர்ஜியின் அப்பாவுக்குச் சின்ன வயதில் ஓர் உயிர் நண்பன் இருந்தான். ஒருவர் குடும்பத்தை மற்றவர் காப்பது என்று இருவரும் வாக்குக் கொடுத்துக்கொண்டார்கள். நண்பன் செத்துப்போனான். பல வருஷம் கழித்து நண்பனின் மகன் ஜெகன் வேலை கேட்டு வந்து நிற்கிறான். அப்பா வாக்கைக் காப்பாற்றுகிறார். வேலை கொடுக்கிறார், வீட்டில் இடம் கொடுக்கிறார். தம் மகனைப் பற்றிய கவலையையும் ஜெகனிடம் கொட்டுகிறார். அவனிடம் தப்பாக எதுவும் தெரியவில்லையே என்கிறான் ஜெகன்.

பையன்கள் இருவர் கொடுத்துக்கொண்ட வாக்கை இவ்வளவு வருஷம் நெஞ்சில் வைத்திருந்த அந்த மனிதர், தம் மகனிடம் மட்டும் பேசவே இல்லை. அந்தப் பேச்சைத் தமிழில் யாராவது எழுத வேண்டும். கொழும்பு வேண்டாம், மந்தைவெளியே போதும். சாப்பாடு ஆன பிறகு மொட்டை மாடியில் அப்பாவும் மகனும் நிற்கிறார்கள். அப்பா தம் பழைய நண்பனைப் பற்றிப் பேச ஆரம்பிக்கிறார்.